பூஜ்யத்திலிருந்து நூறு வரை

என் மகளின் வேலையை யாருக்காவது விளக்க வேண்டி வந்தால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பாள் என்று சொல்வேன். கேட்பவர் தலையாட்டுவார். பிறகு, அந்தக் காரை ஓட்டுவதும் அவள்தான் என்பேன். அப்போது அவர் முகம் மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்கப் பிடிக்காமலேயே பல பேரிடம் "கம்பெனியில் இன்ஜினீயர்" என்று முடித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் கார்களோடுதான் வேலை. எண்ணூர் துறைமுகத்தில், கப்பலேறப் போகும் புதுக் கார்கள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் மைதானத்தில் நான் மேற்பார்வையாளர். வெள்ளை, சாம்பல், சிவப்பு என்று கண்ணுக்கு எட்டிய வரை கார்கள் நிற்கும். ஒன்றில்கூட ஆள் இருக்க மாட்டார். இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து கூரைகளின் மேல் படியும். கப்பல் வந்ததும் எங்கள் ஓட்டுநர்கள் ஒவ்வொரு காராக ஓட்டிப்போய் அதன் வயிற்றுக்குள் நிறுத்துவார்கள். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். இறங்கும்போது உரசிக் கீறல் விழக்கூடாது என்பதற்காக எங்கள் உடுப்பில் வெளியே தெரியும்படி பொத்தான் கிடையாது. கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் அனுமதி. பல வருடங்களாகக் கார்களோடு வாழ்கிறேன். அவற்றில் ஒன்றையும் நான் மூன்றாவது கியரில் பார்த்ததில்லை.

அவள் வேலை செய்யும் சோதனைத் தடம் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருக்கிறது. உள்ளே போன் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போதுதான் போன் கையில் கிடைக்கும். அப்போது எனக்கு ஒரு செய்தி அனுப்புவாள். நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் இருக்காது. அன்று காலை கார் எடுத்துக்கொண்ட நேரம் மட்டும் இருக்கும். 5.1. அல்லது 4.6. அதைப் பார்த்த பிறகுதான் நான் என் டிபன் பாக்ஸைத் திறப்பேன். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நான் அடிக்கடி போன் செய்து தொந்தரவு செய்ததால் அவள் கண்டுபிடித்த வழி இது. நம்பர் வந்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம், சும்மா பயப்படாதே என்றாள்.

நம்பர் சிறிதாகச் சிறிதாக என் பயம் பெரிதானது அவளுக்குத் தெரியாது.

எங்கள் ஓட்டுநர்களுக்கும் இது பழகிவிட்டது. அவர்களில் ஒருவன் என்னோடு திருவொற்றியூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பான்.

"இன்னா மாமு, இன்னிக்கி பொண்ணு நம்பர் இன்னா?"

"நாலு புள்ளி ரெண்டு."

"அடப்பாவி. அவ்ளோ நேரத்துல நான் சீட் பெல்ட்டுகூட மாட்ட மாட்டேனே. அவ அதுக்குள்ள நூறு போயிக்கினு கீறா."

"சும்மா சாப்டுறா."

"நீ ஏன் மாமு மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற? என் புள்ள நாலு வருசமா பூஜ்யத்துலயே கீறான். அத்த யாரும் அளக்க மாட்டேன்றாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

என் மனைவி இறந்தது எப்படி என்று அவனுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அது பலருக்கும் தெரியும். எண்ணூர் சாலையில் அப்போது கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கொண்டு பகலெல்லாம் வரிசையாக நிற்கும். ஒன்றின் முகம் மற்றொன்றின் முதுகைத் தொட்டபடி நிற்கும் அந்த லாரிகளுக்கு நடுவே புகுந்துதான் எல்லோரும் சாலையைக் கடப்போம். பள்ளிப் பிள்ளைகளும் மீன் கூடைக்காரர்களும் அப்படித்தான் கடப்பார்கள். அவள் ரேஷன் கடையிலிருந்து திரும்பி வந்தபோது வரிசை அசைந்தது. லாரி நகர்ந்தது சில அடிதான். ஓட்டுநர் பிரேக்கை விட்டார், அவ்வளவுதான். உயரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு முன்னால் ஒருத்தி நடப்பது தெரியவில்லை. அந்த வேகத்தை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். தவழும் குழந்தையின் வேகம் அது.

நான் அப்போது மைதானத்தில் இருந்தேன். மகள் கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்தாள். தேர்வெழுதினாள், தேறினாள், பிறகு இந்த வேலையைத் தேடிப் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்து சோறு வடிப்பாள், இரண்டு டப்பாக்களில் கட்டுவாள், மணலி வழியாகச் சுற்றிக்கொண்டு மாதவரம் போய்க் கம்பெனி வண்டியைப் பிடிப்பாள். மாலையில் வந்து டி.வி. முன்னால் உட்காருவாள். நான் என் அறையில் இருப்பேன். நடுவில் ஒரு சுவர். அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சில நாட்களில் அதற்காகக் கோபம்கூட வரும். எனக்கு எந்த நேரமும் அந்தச் சாலைதான். ஏர் பிரேக் விடும்போது வருமே ஒரு பெருமூச்சு, அது தெருவில் எங்கு கேட்டாலும் நின்றுவிடுவேன்.

போன மார்கழியில் ஒரு நாள் நம்பர் வரவில்லை.

டிபன் பாக்ஸ் மடியில் மூடியபடி இருந்தது. கப்பல் ஒன்று வந்து நின்றிருந்ததால் சாப்பாட்டுக்குக் குறைந்த நேரம்தான். மற்றவர்கள் கை கழுவிவிட்டு எழுந்தார்கள். நான் அவளுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் பூட்டியிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு மறுபடியும் செய்தேன். இரண்டு கார்களைக் கப்பலுக்குள் அனுப்பிவிட்டு மறுபடியும் செய்தேன். கம்பெனியின் வேறு எந்த நம்பரும் என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் நண்பன் காரிலிருந்து இறங்கி வந்தான். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"நீ கெளம்பு. நான் பாத்துக்கிறேன்."

"கப்பல் நிக்குதுடா."

"அது நாளைக்கும் நிக்கும். போ."

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வழியை எப்படிக் கடந்தேன் என்பது ஞாபகமில்லை. மணலியில் டேங்கர் லாரிகளின் வரிசை ஞாபகமிருக்கிறது. எதுவும் நகரவில்லை. முன்னால் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஒரு லாரியின் பின்பக்கத்தில் "தூரம் காக்கவும்" என்று எழுதியிருந்ததை எத்தனையோ முறை படித்தேன். மாதவரம் ரவுண்டானா அருகே வந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன்.

"நைனா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒன்னியும் இல்ல நைனா. நல்லா கீறேன். வண்டி சுத்திடுச்சு. தரையில பனி ஈரம் இருந்துச்சு, பின் டயரு புடிக்கல. புல்லுக்குள்ள போயி நின்னுச்சு. டாக்டர் பாத்தாரு, அப்புறம் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. இப்பதான் போன் குடுத்தாங்க."

"ஒரு மெசேஜ் போடக்கூடாதா?"

"மதியம் போன் கையில இல்ல. இப்பவும் நம்பர் இல்லியே. ஓட்டம் முடிஞ்சாத்தான் நம்பர்."

அவள் சொன்னது எளிமையான விஷயம். கார் நூறைத் தொடவில்லை, அதனால் எழுத எதுவுமில்லை. நான் பஸ் நிலையத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். ஆந்திரா போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் குனிந்து, சாருக்கு மயக்கமா, தண்ணி வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அன்று மாலை அவள் கழுத்தோரம் சீட் பெல்ட் அழுத்திய தடம் கன்றிப்போய்த் தெரிந்தது. துப்பட்டாவை இழுத்து மறைத்துக்கொண்டாள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"வுட்ரும்மா," என்றேன். "வேற வேல தேடிக்கலாம்."

அவள் உடனே மறுப்பாள் என்று நினைத்தேன். தட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவங்களே கேட்டாங்க. ஆபீஸ்ல உக்காந்து மத்தவங்க ஓட்டுறத கணக்கு பாக்குறியா, இல்ல நீயே ஓட்டுறியான்னு. அடுத்த வாரம் சொல்லணும்."

"நீ இன்னா சொல்லப்போற?"

"நீ சொல்றத."

"நான்தான் சொல்லிட்டேனே."

"இப்ப சொல்லாத நைனா. ஒரே ஒரு தபா என் பக்கத்துல வந்து உக்காரு. உக்காந்து பாத்துட்டு அப்பவும் வேணான்னா, வேணாம். மறுபேச்சு பேச மாட்டேன்."

பேச மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் காசிமேட்டில் அலை தடுக்கும் பாறைகளின் மேல் ஏற மாட்டேன் என்று அவள் அம்மாவுக்கு ஒரு முறை வாக்குக் கொடுத்தாள். அதன் பிறகு தோழிகள் எல்லோரும் மேலே ஏறி நின்று கூப்பிட்டாலும் அவள் மணலிலேயே நிற்பாள். அப்படிப்பட்டவள். ஆகவே நான் போவது சடங்குக்குத்தான். போய் உட்கார்ந்து, இறங்கி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டியது. அந்த ஒரு வார்த்தையில் அவள் உயிர் பத்திரமாகிவிடும்.

அந்தக் கம்பெனியில் மாதத்தில் ஒரு நாள் விருந்தினரைக் காரில் ஏற்றிக் காட்டுவார்கள். அந்த நாளில் எனக்கு அனுமதி வாங்கியிருந்தாள். வாசலில் கையெழுத்துப் போட்டேன், போனைக் கொடுத்தேன். உள்ளே தார்த் தடம் நேராகப் போய் வெயிலில் தண்ணீர் போல மின்னியது. கார் தாழ்வாக, தரையோடு தரையாக இருந்தது. கதவருகே போனதும் என் கை தானாகக் கடிகாரத்தைக் கழற்றியது. மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்டேன்.

"நைனா, இது கப்பலுக்குப் போற வண்டி இல்ல. உரசினா ஒன்னியும் சொல்ல மாட்டாங்க."

"இருக்கட்டும்."

கருவிகளைப் பொருத்துபவர் என் வயதுக்காரர். கூரையில் காந்தம் வைத்த சின்ன ஏரியலை ஒட்டினார். அதுதான் செயற்கைக்கோளைப் பார்த்து வேகத்தைச் சொல்லுமாம். பிறகு பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைத்திருந்த மணல் மூட்டையைத் தூக்கி வெளியே வைத்தார். சோதனையில் இன்னொரு ஆளின் எடை இருக்க வேண்டும் என்பதற்காக அது எப்போதும் அவளுடன் போகும் என்றார்.

"சாரு காலையில டிபன் சாப்ட்டாரா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லைங்க."

"நல்லதாப் போச்சு."

உள்ளே உட்கார்ந்ததும் இருக்கை என் விலாவை இரு பக்கமும் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது. தலையைப் பின்னால் சாய்த்து ஒட்டவைத்துக்கொள், இல்லாவிட்டால் கழுத்து வலிக்கும் என்றாள். நீ எவ்வளவு எடையோ கிட்டத்தட்ட அவ்வளவு எடை உன்னைப் பின்னால் அமுக்கும், எதிர்க்காதே, விட்டுவிடு என்றாள். இடது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு வலது காலால் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினாள். கார் நகரவில்லை. அதன் உடம்பு மட்டும் உறுமி நடுங்கியது. அவள் இடது காலை எடுத்தாள்.

நான் கண்ணை மூடிவிட்டேன். முதுகில் யாரோ ஓங்கி உதைத்தது போலிருந்தது. வயிறு எங்கோ பின்தங்கிப் போனது. வாயைத் திறந்தேன், சத்தம் வந்ததா என்று தெரியாது. பிறகு பெல்ட் நெஞ்சில் இறுகியது. கார் மெதுவாகியிருந்தது.

சின்னத் திரையைத் தட்டிப் பார்த்தாள். "நாலு புள்ளி நாலு. மூட்டையவிட நீ வெயிட்டு நைனா."

"முடிஞ்சிதா?"

"பாதிதான். ஒரு பக்கம் ஓடுனா நம்பர் கெடையாது. காத்து இந்தப் பக்கம் தள்ளும், அந்தப் பக்கம் தடுக்கும். திரும்பியும் ஓடி, ரெண்டையும் சேத்துத்தான் எழுதணும்."

தடத்தின் கோடியில் வளைந்து திரும்பி நின்றோம். இப்போது வெயில் எதிரே இருந்தது. இந்த முறை கண்ணைத் திறந்துவைத்திருந்தேன். ஏன் என்று தெரியாது; மூடுவதற்குள் அவள் காலை எடுத்துவிட்டாள் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். தடத்தின் இரு ஓரங்களும் எங்களை நோக்கிக் குறுகி வந்தன. புல்லின் பச்சை ஒற்றைக் கோடாகி, பிறகு கோடும் இல்லாமல் போனது. முகத்துச் சதை காதுப் பக்கம் இழுபட்டது. கையை மடியிலிருந்து தூக்கப் பார்த்தேன், வரவில்லை. முன்னால் இருந்த ஒரு சின்ன இடத்தைத் தவிர உலகத்தில் எதுவும் மிச்சமில்லை. பயமும் இல்லை. பயப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அவனும் இல்லை.

பிறகு பெல்ட் இறுகி, எல்லாம் திரும்பி வந்தது. புல், வேலி, என் கைகள், என் பெயர். அதோடு அந்தச் சாலையும், லாரி வரிசையும், கிழிந்த ரேஷன் பையும். அவை திரும்பி வந்தபோதுதான் இவ்வளவு நேரம் இல்லாதிருந்தன என்பது தெரிந்தது. மனைவி போன இந்த நான்கு வருடத்தில் முதல் முறையாக.

அவள் காரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"இன்னா நைனா, வாந்தி வருதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அழுவுற?"

நான் அழுதுகொண்டிருப்பது அவள் சொல்லித்தான் தெரியும். ஹெல்மெட்டுக்குள் கையை விட்டுத் துடைக்கவும் முடியவில்லை.

"இப்ப ஓடுச்சே, அப்போ உங்கம்மா நெனப்பு வரல," என்றேன்.

முன்னால் எஞ்சின் சூடு தணிந்து டிக் டிக் என்று சத்தம் போட்டது. ஸ்டியரிங்கின் தோலை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வராது," என்றாள்.

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேருந்து. மத்த நேரமெல்லாம் வருது."

ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து நாங்கள் அதே ஏர் பிரேக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். நான் ஒரு நாளும் அவளிடம் விசாரிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். என் நெஞ்சில் ஏதோ இறங்கியது. ஆனால் அது ஆறுதல் இல்லை. அவளுக்கும் இப்படியென்றால் அவளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

"அன்னிக்கி வண்டி சுத்துச்சே. அப்போ?"

"அப்போ வந்துச்சு. அம்மா இல்ல. நீ." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "டப்பாவத் தொறக்காம போனப் பாத்துகினு கீறியேன்னு."

கருவிக்காரர் தூரத்திலிருந்து கையசைத்தார். அடுத்த ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது போலும். அவள் அதைப் பார்த்தும் எஞ்சினைக் கிளப்பவில்லை.

"சொல்லு நைனா. வேணாம்னா வேணாம். நெஜமாத்தான் சொல்றேன்."

வேண்டாம் என்ற வார்த்தை என் வாயில் தயாராகவே இருந்தது. அதைச் சொல்லத்தான் மணலி, மாதவரம், புழல், அதற்கப்பால் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். சொன்னால் அவள் நாளையிலிருந்து ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். உயிரோடு இருப்பாள். எந்த நேரமும் அந்தச் சாலையில் இருப்பாள், என்னைப் போல. ஒரு மனிதன் தன் பிள்ளைக்கு எதைக் கேட்பது? நீண்ட ஆயுளைக் கேட்பதா, இல்லை இந்த நான்கு விநாடியைக் கேட்பதா? எனக்கு இன்றும் தெரியவில்லை. அடுத்து நான் சொன்னதும் விடை தெரிந்து சொன்னதல்ல.

"தரை ஈரமா கீதான்னு நீயே எறங்கி கையால தொட்டுப் பாரு," என்றேன். "வேற யாரு காஞ்சிடுச்சின்னு சொன்னாலும் நம்பாத."

"சரி."

"தெனமும்."

"சரி நைனா."

"அப்போ ஓட்டு."

அவள் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. என் கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். இருக்கைகள் அவ்வளவு ஆழமானவை. கை முழுதாக எட்டவில்லை, விரல் நுனிகள்தான் பட்டன.

என்னை இறக்கிவிட்டு மணல் மூட்டையை மறுபடியும் உட்காரவைத்துப் பெல்ட் போட்டார்கள். நான் கம்பி வேலிக்கு வெளியே வந்து நின்றேன். கருவிக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க சார்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"நாலு செகண்ட் சார்." அவரே சிரித்துவிட்டார். "சரி, நின்னே பாருங்க."

கார் கோடியில் ஒரு புள்ளியாகத் திரும்பி நின்றது. கதவு திறந்தது. அவள் இறங்கிக் குனிந்து தரையில் கையை வைத்தாள். நிமிர்ந்து நான் நிற்கும் பக்கம் ஒரு முறை பார்த்தாள் என்று நினைக்கிறேன், அந்தத் தூரத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. மறுபடியும் உள்ளே ஏறிக்கொண்டாள். நான் இரு கைகளாலும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் அது கொதித்தது. கையை எடுக்கவில்லை.